கடல் தெரியாத கடற்பயணம்

லண்டனில் இருந்து பாரிசுக்குக் காரில் போவது எங்கள் சனத்துக்குப் புதிய விஷயம் அல்ல. கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு, லா சப்பல் பிள்ளையாரின் தேர் என்று வருடத்துக்கு ஒரு காரணமாவது கிடைத்துவிடும். 2023 ஆகஸ்டில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு கலியாணம். மச்சான் கார் ஓடினான். பக்கத்தில் நான். பின்னால் அவனுடைய அம்மா, அதாவது என் மாமி. மடியில் சீலைப் பை, காலடியில் பலகாரப் பெட்டி.

எம்20 நெடுஞ்சாலையில் ஃபோக்ஸ்டன் வரும்போது 11ஏ என்ற வெளியேறும் வழியில் திரும்ப வேண்டும். முதலில் டிக்கெட் வாசல், அடுத்து பிரித்தானியச் சோதனை, அதற்கும் அடுத்து ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் பிரெஞ்சு எல்லைக் காவலர் இருப்பார். அப்போது இங்கிலாந்து மண்ணில் நின்றபடியே பிரான்சுக்குள் நுழைந்ததற்கான முத்திரையைக் கடவுச்சீட்டில் குத்திவிட்டார். பிறகு வரிசை வரிசையாகக் கார்கள் ஒரு சரிவில் இறங்கும். அங்கே முக்கால் கிலோமீட்டருக்கும் கூடுதலான நீளத்தில் ரயில் நிற்கும். அதன் பக்கவாட்டால் உள்ளே திரும்பி, ரயிலுக்குள்ளேயே காரை ஓட்டிக்கொண்டு போக வேண்டும். முன்னால் போகும் கார் நிற்கிற இடத்தில் நீங்களும் நிற்பீர்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, கண்ணாடியைப் பாதி இறக்கிவிடச் சொல்லுவார்கள். பெட்டிகளுக்கு இடையே தீத்தடுப்புக் கதவுகள் மூடும். எப்போது புறப்பட்டது என்றே தெரியாமல் ரயில் புறப்பட்டிருக்கும்.

காது மெல்ல அடைத்தது. மாமி கேட்டார்: "என்ன தம்பி, கடல் இன்னும் வரேல்லையோ?"

"கடலுக்குக் கீழதான் மாமி போறம்."

"உண்மையாவோ? ஒரு சொட்டுத் தண்ணியும் காணேல்லை."

மாமியின் கணக்கில் கடல் தாண்டுவது என்றால் அது தெரிய வேண்டும். சின்ன வயதில் சிதம்பரம் பார்க்கத் தகப்பனோடு போனவர். தலைமன்னார் வரை ரயில், அங்கிருந்து கப்பல், அக்கரையில் தனுஷ்கோடியில் இருந்து மறுபடி ரயில். கப்பலில் சத்தி எடுத்ததும், அக்கரையில் அதிகாரிகள் பெட்டியைக் கிண்டிக் கிளறியதும் அறுபது வருடத்துக்குப் பிறகும் அவருக்கு நினைவிருந்தது. இங்கே முப்பத்தைந்து நிமிடத்தில் ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிறோம். காரில் போகிறோம், ஆனால் கார் ஓடவில்லை. கடலைக் கடக்கிறோம், கடலைப் பார்க்கவில்லை.

இந்த முப்பத்தைந்து நிமிடம் வந்து சேர ஏறத்தாழ இருநூறு வருடம் எடுத்தது. அதில் கடலைத் தோண்டத் தெரியாமல் கழிந்த காலம் பாதிகூட இல்லை.

*

1802ஆம் ஆண்டு. பிரித்தானியாவும் பிரான்சும் அமியான் ஒப்பந்தத்தால் சண்டையை நிறுத்தி மூச்சு விட்ட கொஞ்ச நாட்கள். அல்பெர் மாத்தியூ என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர் நெப்போலியனிடம் ஒரு வரைபடத்தைக் கொண்டுபோனார். கடலடியில் ஒரு வண்டிப்பாதை. குதிரை வண்டிகள் ஓடும், எண்ணெய் விளக்குகள் எரியும். நடுக்கடலில் மணல்திட்டு ஒன்றின் மேல் செயற்கைத் தீவு. அங்கே களைத்த குதிரைகளை மாற்றிக்கொள்ளலாம். மூச்சுக் காற்றுக்கு அலைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புகைபோக்கிகள். ரயில் என்பதே பிறக்காத காலம் அது. ஆனாலும் நீளமான சுரங்கத்தில் முதல் கேள்வி தண்ணீர் அல்ல, காற்று என்பதை மாத்தியூ பிடித்துவிட்டார். அடுத்த வருடமே மறுபடி போர். வரைபடம் சுருட்டி வைக்கப்பட்டது.

அடுத்து வந்தவர் தோமே த கமோன். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த மனிதர். 1830களில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் இந்த ஒரே யோசனையில் கிடந்தார். பாலம், மிதவை, குழாய், சுரங்கம் என்று அவர் வரைந்து பார்க்காத வழி இல்லை. கடலடியில் என்ன பாறை இருக்கிறது என்று தெரியாமல் சுரங்கம் பேச முடியாது என்பதால், 1855இல் தானே கடலுக்குள் குதித்தார். அப்போது வயது நாற்பத்தேழு. பாரத்துக்கு உடம்பில் கல் மூட்டைகள். திரும்பி மேலே வர, ஊதிக் கட்டிய பன்றிச் சவ்வுப் பைகள். காதில் வெண்ணெய் தடவிய பஞ்சு. வாயில் ஒரு மிடறு ஒலிவ் எண்ணெய், மூச்சு வெளியே போகலாம், தண்ணீர் உள்ளே வராது என்ற கணக்கு. படகில் மகள் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தாள். முப்பது மீட்டர் ஆழத்தில் மண்ணை அள்ளிக்கொண்டு திரும்பும்போது பெரிய விலாங்கு மீன்கள் கடித்தன. வாயைத் திறக்காமல் மேலே வந்துசேர்ந்தார்.

அவர் அள்ளிவந்த மண்ணும் கல்லும் இரு கரையின் பாறை அடுக்கும் ஒன்றே என்ற நம்பிக்கையை வலுப்படுத்தின. மூன்றாம் நெப்போலியன் கேட்டார், விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட்டும் ஆதரவாக இருந்தார். காசு மட்டும் வரவில்லை. சொந்தப் பணத்தையெல்லாம் இதில் கரைத்த கமோன் 1876இல் வறுமையில் இறந்தார். மகள் பியானோ சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டாள்.

*

உண்மையில் தோண்டத் தொடங்கியது ரயில்வே முதலாளி சர் எட்வர்ட் வாட்கின். தென்கிழக்கு இங்கிலாந்தின் ரயில் பாதை அவர் கையில் இருந்தது. வட இங்கிலாந்தில் ஏறியவர் அப்படியே பிரான்சில் போய் இறங்க வேண்டும் என்பது அவரது கனவு. 1880இல் டோவருக்குப் பக்கத்தில் ஷேக்ஸ்பியர் குன்றின் அடியில் வேலை ஆரம்பமானது. அழுத்தப்பட்ட காற்றால் ஓடும் ஓர் இயந்திரம் ஏழடி விட்டத்தில் பாறையைக் குடைந்துகொண்டே போனது. அவர்கள் தேர்ந்தெடுத்தது சுண்ணாம்பும் களியும் கலந்த ஒரு பாறை அடுக்கு. குடைவதற்கு மென்மை, தண்ணீரையும் உள்ளே விடாது. அக்கரையில் சங்கத் என்ற ஊரில் பிரெஞ்சுக்காரரும் தோண்டினார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் தோண்டியாகிவிட்டது.

வாட்கினுக்கு விளம்பரம் தெரியும். அரசியல்வாதிகளையும் பத்திரிகைக்காரர்களையும் பிரமுகர்களையும் சுரங்கத்துக்குள் அழைத்துப்போய், மின்விளக்கு வெளிச்சத்தில் ஷாம்பெய்ன் ஊற்றிக் கொடுத்தார். மின்விளக்கே அப்போது அதிசயம். பொறியியல் ரீதியாகச் சொல்லப்போனால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். உட்சுவர் கட்டாத அந்தச் சுரங்கம் நூறு வருடம் கழித்தும் பெரும்பாலும் இடியாமல் நின்றது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தடுத்தவர் சர் கார்னெட் வுல்ஸ்லி என்ற ராணுவத் தளபதி. ஆப்பிரிக்காவிலும் கனடாவிலும் பேரரசுக்காகப் படை நடத்திய ஆள். அவர் சொன்ன வாதம் இது: பிரெஞ்சுப் படைவீரர்கள் சாதாரண உடுப்பில், உல்லாசப் பயணிகள் போல ரயிலில் வந்து இறங்குவார்கள். இறங்கியதும் சுரங்க வாசலைப் பிடித்துவிடுவார்கள். பின்னால் முழுப் படையும் வரும். வாட்கின் தரப்பு என்னென்னவோ சொல்லிப் பார்த்தது. வேண்டுமென்றால் சுரங்கத்தைத் தண்ணீரால் நிரப்பிவிடலாம், கண்ணிவெடி வைத்துத் தகர்த்துவிடலாம், கோட்டைப் பீரங்கிகளை வாசலைப் பார்த்து நிறுத்தலாம் என்றெல்லாம். பயந்தவரிடம் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பட்டியல் போட்டால் பயம் கூடத்தானே செய்யும்? 1882இல் ஒரு மாத இதழ் திரட்டிய எதிர்ப்பு மனுவில் கவிஞர்கள் டெனிசனும் பிரௌனிங்கும், விஞ்ஞானி ஹக்ஸ்லியும்கூடக் கையெழுத்துப் போட்டார்கள். அதே வருடம் அரசு வேலையை நிறுத்தியது.

இந்தக் கையெழுத்துகள் என்னை யோசிக்க வைக்கின்றன. உலகத்தில் நினைத்த கரையிலெல்லாம் கப்பலை நிறுத்தி இறங்கிக் கொடி நட்ட நாடு அது. இலங்கையையும் இந்தியாவையும் அப்போது ஆண்டுகொண்டிருந்தது. அந்த நாட்டின் மிகச் சிறந்த மூளைகள், யாரோ அழைக்காமல் தங்கள் கரையில் இறங்கிவிடுவார்கள் என்று ராத்தூக்கம் இல்லாமல் கிடந்திருக்கின்றன. இறங்கிப் பழகியவர்களுக்குத்தான் இறங்குவது என்றால் என்னவென்று தெரியும் போலிருக்கிறது.

1909இல் பிளேரியோ விமானத்தில் பறந்து கால்வாயைத் தாண்டி டோவரில் வந்து இறங்கினார். தீவுக்குக் கடல்தான் மதில் என்ற வாதம் அன்றே செத்திருக்க வேண்டும். சாகவில்லை. முதல் உலகப் போரில் லட்சக்கணக்கான வீரர்களையும் குதிரைகளையும் குண்டுகளையும் கப்பல் கப்பலாகப் பிரான்சுக்கு ஏற்றி இறக்கியபோது சுரங்கத்தின் அருமை கொஞ்சம் புரிந்தது. ஆனாலும் 1930இல் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு வந்தபோது 172க்கு எதிராக 179. ஏழு வாக்கில் தோல்வி. 1955இல்தான், பாதுகாப்பு அமைச்சராக இருந்த மக்மிலன், ராணுவ ரீதியில் இனிப் பெரிய ஆட்சேபனை இல்லை என்ற கருத்தைச் சபையில் சொன்னார். அணுகுண்டு வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. தலைக்கு மேல் அது தொங்கும்போது சுரங்க வாசலுக்குக் காவல் போட்டு என்ன பயன்?

பயம் விலகியதும் காசு வந்து குறுக்கே நின்றது. 1974இல் மறுபடி தோண்டத் தொடங்கி, 1975 ஜனவரியில் ஹெரல்ட் வில்சன் அரசு செலவுக்குப் பயந்து கைவிட்டது.

*

1980களில் தாட்சரும் மித்தரானும் சேர்ந்து மறுபடி எடுத்தார்கள். அரசுப் பணம் ஒரு பென்னியும் கிடையாது, தனியார்தான் கட்ட வேண்டும் என்பது தாட்சரின் நிபந்தனை. போட்டிக்கு வந்த திட்டங்களில் கார்க்காரர்களுக்கான கனவுகளும் இருந்தன. ஒன்று, நீண்ட தொங்கு பாலம். இன்னொன்று, கரையில் இருந்து பாலத்தில் ஓடிப்போய், நடுக்கடலில் செயற்கைத் தீவு ஒன்றில் சுற்றிச் சுற்றி இறங்கி, சுரங்கத்துக்குள் புகுந்து, மறுபடி ஏறி வருவது. தாட்சருக்கே தானாகக் காரோட்டிப் போகும் வழியில்தான் விருப்பம் என்பார்கள்.

ஏன் அது நடக்கவில்லை? மாத்தியூவின் புகைபோக்கிகளை நினைத்துப் பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் மூடிய குழாயில் ஆயிரக்கணக்கான எஞ்சின்கள் விடும் புகையை எங்கே கொண்டுபோய் விடுவது? நடுக்கடலில் காற்றுத் துளை வைத்தால், உலகிலேயே நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்றின் குறுக்கே அது நிற்கும். ஓட்டுநர் பிரச்சினையும் உண்டு. முக்கால் மணி நேரம் ஒரே சுவர், ஒரே விளக்கு. கண் சொக்கி ஒருவர் மோதினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் அகப்பட்டுக்கொள்வார்கள். மின்சார ரயிலுக்குப் புகை இல்லை, தூக்கமும் வராது. ஆக, காரை ரயிலில் ஏற்று என்று முடிவானது. 1986 பிப்ரவரி 12 அன்று கன்டர்பரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சுரங்க நிறுவனம் 2000ஆம் ஆண்டுக்குள் காரோட்டிச் செல்லும் பாதைக்கும் ஒரு திட்டம் தர வேண்டும் என்று உரிமத்தில் எழுதப்பட்டது. அப்படி ஒரு பாதை இன்றுவரை இல்லை.

தோண்டியது ஒன்றல்ல, மூன்று குழாய்கள். ரயிலுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 7.6 மீட்டர் விட்டம். நடுவில் 4.8 மீட்டரில் ஒரு சேவைச் சுரங்கம். 375 மீட்டருக்கு ஒரு குறுக்கு வழி மூன்றையும் இணைக்கிறது. நடுச் சுரங்கத்தில் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வைத்திருப்பார்கள். பக்கத்தில் தீப்பிடித்தாலும் புகை அதற்குள் வராது. 1996 நவம்பரில் லாரி ஏற்றிய ரயில் ஒன்று உள்ளே எரிந்தபோது, எல்லோரும் உயிரோடு வெளியே வந்தது இந்த வழியால்தான். மொத்த நீளம் 50 கிலோமீட்டர் சொச்சம், அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். ரயில்கள் ஓடும் சூட்டில் உள்ளே வெந்துபோகாமல் இருக்க, குளிர்ந்த நீர்க் குழாய்கள் நீளத்துக்கும் ஓடுகின்றன.

பதினொரு இயந்திரங்கள் குடைந்தன. வாட்கின் தேர்ந்தெடுத்த அதே சுண்ணாம்புக் களிப்பாறை அடுக்குதான் இவர்களுக்கும் வழி. பிரெஞ்சுப் பக்கத்தில் பாறை வெடித்துக் கிடந்ததால், தண்ணீர் பீறிட்டாலும் தாங்கும்படி மூடிய முகம் கொண்ட இயந்திரங்கள் வேண்டியிருந்தன. ஆங்கிலப் பக்கத்தில் அள்ளிய மண்ணைக் குன்றின் அடியில் கொட்டிக் கடலை மேவி முப்பது ஹெக்டேர் புது நிலத்தை உண்டாக்கினார்கள். இப்போது அது பூக்கள் நிறைந்த பூங்கா. இந்த வேலையில் பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள், எட்டுப் பேர் பிரித்தானியர்.

1990 டிசம்பர் 1 அன்று சேவைச் சுரங்கத்தில் கடைசிச் சுவர் உடைந்தது. கிரஹம் ஃபேக் என்ற ஆங்கிலேயத் தொழிலாளியும் பிலிப் கோசெத் என்ற பிரெஞ்சுத் தொழிலாளியும் ஓட்டைக்குள்ளால் கையை நீட்டிக் குலுக்கிக்கொண்டார்கள். இரண்டு கரையில் இருந்தும் கிலோமீட்டர் கணக்கில் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்ததுபோல வந்த குழாய்கள் 36 சென்டிமீட்டர்தான் பக்கவாட்டில் விலகியிருந்தன. ஒரு முழத்துக்கும் குறைவு.

செலவோ மதிப்பீட்டைவிட எண்பது சதவீதம் கூடிவிட்டது. தாட்சரின் நிபந்தனைப்படி அந்தச் சுமை அரசின் தலையில் விழவில்லை. பங்கு வாங்கிய பல லட்சம் சிறு முதலீட்டாளர்களின் தலையில் விழுந்தது. அதிலும் பெரும்பாலோர் ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்ட சாதாரணப் பிரெஞ்சுக்காரர்கள். 2004இல் அவர்கள் திரண்டு வந்து நிர்வாகத்தையே மாற்றினார்கள். முதல் லாபப் பங்கு 2009இல்தான் கைக்கு வந்தது.

1994 மே 6 அன்று திறப்பு விழா. எலிசபெத் அரசி லண்டனில் இருந்து ரயிலில் போனார், மித்தரான் பாரிசில் இருந்து வந்தார். இரண்டு ரயில்களும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. திரும்பும்போது இருவரும் அரசியின் ரோல்ஸ் ராய்ஸ் காருக்குள் உட்கார்ந்து, அந்தக் காரை ரயிலில் ஏற்றி இங்கிலாந்துக்கு வந்தார்கள். நாங்கள் இப்போது போவதும் அப்படித்தான். எங்களுடைய பழைய டொயோட்டாவில் பலகார வாசனை, அவ்வளவுதான் வித்தியாசம்.

*

வுல்ஸ்லியின் பயணிகள் கடைசியில் வரத்தான் செய்தார்கள். படையாக அல்ல. 1999இல் சங்கத்தில், சுரங்க வேலைக்காகக் கட்டிய ஒரு பெரிய கொட்டகையில் செஞ்சிலுவைச் சங்கம் அகதி முகாம் திறந்தது. ஆப்கானியர், ஈராக்கியர், குர்துகள். இரவானால் வேலியைத் தாண்டி ரயிலில் தொற்றப் போவார்கள். 2002 முடிவில் முகாமை மூடினார்கள். ஆட்கள் குறையவில்லை, கூடாரங்கள் காட்டுக்குள் போயின. 2015 கோடையில் சுரங்க வாசலில் தினமும் போராட்டம், சிலர் அங்கேயே உயிரை விட்டார்கள்.

அந்த ஆகஸ்டில் சூடானைச் சேர்ந்த ஒருவர் கலே பக்கத்தில் உள்ளே நுழைந்து இருட்டில் நடந்தார். 140 கிலோமீட்டர் வேகத்தில் ரயில்கள் உரசிப் போகிற குழாய் அது. கிட்டத்தட்ட முழுச் சுரங்கத்தையும் நடந்து முடித்து, ஃபோக்ஸ்டனுக்கு அருகே பிடிபட்டார். அவர்மேல் போட்ட வழக்கு ரயில் போக்குவரத்தைத் தடுத்தது. அதற்கு எடுத்த சட்டம் 1861ஆம் ஆண்டுச் சட்டம். வாட்கின் தோண்டத் தொடங்கியதற்கும் முந்தியது. பிறகு அவருக்கு அகதி நிலை கிடைத்தது, அதன் பின்னரும் வழக்கு நடந்து தண்டனையும் வந்தது. கடலுக்கடியில் ஒரு நாட்டில் இருந்து மற்ற நாட்டுக்கு எந்த வாகனமும் இல்லாமல் போனவர் அவர். கமோன் உயிரோடு இருந்திருந்தால் கைகொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஃபோக்ஸ்டனில் பிரெஞ்சு முத்திரை விழுந்ததன் பொருளும் இதுதான். 1991 உடன்பாட்டின்படி பிரான்சின் எல்லைச் சோதனை இங்கிலாந்திலும், இங்கிலாந்தின் சோதனை பிரான்சிலும் நடக்கிறது. கார்க்காரருக்கு அது வசதி, அக்கரையில் நிற்காமல் போகலாம். நடந்து வருகிறவருக்கோ, இங்கிலாந்தின் மதில் பிரான்சுக்குள் முன்னால் வந்து நிற்பது போல.

*

ரயில் நின்றது தெரிந்தது, ஓடியதுதான் தெரியவில்லை. கதவுகள் திறந்தன. முன் கார்கள் ஒன்றொன்றாக அசைந்தன. வெளியே வெயில். மச்சான் வலப்பக்கம் ஓட வேண்டும் என்று வாய்விட்டு ஒருமுறை சொல்லிக்கொண்டான். ஏ16 சாலையில் ஏறும் வரை இரண்டு பக்கமும் வெள்ளைக் கம்பி வேலி, மேலே முள்ளுச் சுருள். அதற்கு அப்பால் வெறும் புல்.

மச்சான் தொண்ணூறுகளின் கடைசியில் இதே கலேயில் நின்றவன். சுரங்கத்தால் வரவில்லை, கப்பலில் ஏறிய ஒரு லாரியின் சாமான்களுக்கு நடுவில் வந்தான். மூன்றாவது தடவைதான் சரிவந்தது. அதைப் பற்றி அவன் ஒரே ஒருமுறைதான் என்னிடம் பேசியிருக்கிறான். அதுவும் லாரிகளின் நம்பர்களை எப்படிப் பார்த்து வைத்தான் என்பதைத்தான் சொன்னான், உள்ளே இருந்ததைச் சொல்லவில்லை. இன்றைக்கு அவன் கையில் பிரித்தானியக் கடவுச்சீட்டு. இந்த வேலி ஓரத்தில் மட்டும் அவன் ரேடியோவை நிறுத்திவிடுவான்.

"இவ்வளவுதானோ தம்பி? வந்திட்டமோ?" என்றார் மாமி.

"இவ்வளவுதான் அம்மா. முப்பத்தைஞ்சு நிமிஷம்" என்றான் மச்சான். கொஞ்சத் தூரம் போன பிறகு, யாருக்கும் சொல்லாதது போல, "எனக்கு அஞ்சு மாசம் எடுத்தது" என்றான்.

மாமி ஒன்றும் சொல்லவில்லை. பிரான்ஸ் நேரத்துக்கு மாற்றச் சொல்லி, மணிக்கூட்டுக் கையை என் பக்கம் நீட்டினார். முள்ளை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டேன்.